தொட்டாற்சிணுங்கி

தோல் தடித்தவன் என்று ஒருவனைத் திட்டுகிறோம். தொட்டாற்சிணுங்கி என்று இன்னொருவனைக் கேலி செய்கிறோம். முதலாமவனுக்குச் சுரணை போதாது. இரண்டாமவனுக்கு அது அதிகம். எவ்வளவு இருந்தால் சரி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. நடுவில் எங்கோ நியாயமான ஒரு தடிமன் இருக்கிறது என்றும், அது நம்முடைய தோலின் தடிமன்தான் என்றும் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2019 கோடை வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்தக் கோடையில் என் அக்கா பெண் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அடையாறில் அவளுக்கு வேலை. ஏரிகள் வற்றி, தெருவே லாரியை எதிர்பார்த்துக்கொண்டு குடங்களோடு நின்ற நாட்கள் அவை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் வந்தது, பருப்பு வேகாத உப்புத் தண்ணீர். ஒரு நாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்து கூடத்து மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, "மாமா, மூஞ்சி எரியறது" என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். கன்னத்தில் லேசான சிவப்பு. அதுவும் வெயிலில் வந்ததால் இருக்கலாம். "ஒண்ணும் தெரியலையேடி" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினேன்.

நான் சொன்னது பொய்யல்ல. எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சொன்ன தொனியில், தெரியாதது இல்லாதது ஆகிவிட்டது. பிரத்யட்சம் ஒன்றே பிரமாணம் என்று வாதாடிய சார்வாகர்களை நம் தரிசனக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மறுத்திருக்கிறார்கள். அடுத்தவர் வலி என்று வரும்போது மட்டும் நாம் எல்லோருமே சார்வாகர்கள். கடவுளைக் காணாமலே நம்புகிற வீட்டில், ஒரு பெண்ணின் கன்னத்து எரிச்சலை நம்ப ஒரு தடிப்பாவது கொப்புளமாவது தேவைப்படுகிறது.

பிறர் வலியை அறிய முடியுமா என்பது மேற்கத்தியத் தத்துவத்தில் நெடுநாளையப் பிரச்சினை. விட்கென்ஸ்டைன் இறந்தபின் 1953இல் வெளியான அவருடைய நூலில் ஓர் உதாரணம் வருகிறது: ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி, உள்ளே இருப்பதை எல்லோரும் வண்டு என்கிறார்கள், யாரும் மற்றவர் பெட்டிக்குள் பார்க்க முடியாது. இளவயதில் இதை மிகவும் ரசித்து, கடற்கரையில் உட்கார்ந்து நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். பெட்டியின் சொந்தக்காரி எதிரே உட்கார்ந்து எரிகிறது என்றபோது அந்த ரசனையால் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை. புதிராக ரசிக்கப்பட்ட பிரச்சினை ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூடச் சமமாகாது போலிருக்கிறது.

இப்படிப்பட்ட தோலுக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. அரிப்பை ஆராயும் சர்வதேச மன்றம் ஒன்று 2017இல் அதற்கு ஒரு வரையறை தந்தது. சாதாரணமாக எந்த உபாதையும் தரக்கூடாத விஷயங்களுக்கு, அதாவது தண்ணீர், காற்று, வெயில், சோப்பு போன்றவற்றுக்கு, எரிச்சல், குத்தல், அரிப்பு, வலி ஏற்படுவது. தோல் பார்வைக்கு முற்றிலும் சாதாரணமாகவே இருக்கலாம். இந்தக் கடைசிப் பகுதியை நான் பலமுறை படித்தேன். என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதியது போலிருந்தது.

இதற்குப் பரிசோதனையும் உண்டு. 1977இல் ஃப்ராஷ், க்ளிக்மன் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் விவரித்தது. தயிரைப் புளிக்கவைக்கிற லாக்டிக் அமிலத்தை மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பில் தடவிவிட்டுக் காத்திருப்பார்கள். பிறகு கேட்பார்கள்: குத்துகிறதா, எவ்வளவு? அவ்வளவுதான். ஊசியோ முள்ளோ நகரும் கருவி எதுவும் இல்லை. அந்த மனிதன் சொல்லும் பதில்தான் அளவு. விஞ்ஞானம் தன் எல்லா உபகரணங்களோடும் வந்து, கடைசியில் "எரியறதா?" என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொள்கிறது. நான் கேட்கக்கூட இல்லை.

எரிகிறது என்பது உவமையும் அல்ல. மிளகாயின் காரத்தையும் நாற்பத்துமூன்று டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் நம் நரம்புமுனையில் ஒரே ஏற்பிதான் வாங்குகிறது. அதை 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு கண்டறிந்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகாயையும் நெருப்பையும் நரம்பு வேறுபடுத்துவதில்லை. தமிழும் இரண்டுக்கும் எரிகிறது என்றே சொல்லி வந்திருக்கிறது. அமிலம் பட்டாலோ அழற்சி இருந்தாலோ இந்த ஏற்பியின் வாசல் இறங்கிவிடுகிறது. அப்போது உடம்பின் சாதாரணச் சூடே நெருப்பாகலாம். பார்க்கிறவனுக்குக் கன்னம் மட்டும்தான் தெரியும்.

இனிச் சொல்லப்போவது சொல்லக் கூச்சமான பகுதி.

அவளுக்கு இரண்டு வருஷமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறம் பற்றிய பேச்சு வந்திருக்கிறது. எந்த வீட்டில் வரவில்லை? தி. நகரில் ஒரு மருந்துக்கடையில் (பெயர் வேண்டாம்) சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு குழாய்க் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. அக்கா பூரித்தாள். நானும், "என்னடி, ஆளே மாறிட்டே" என்றேன். அது பாராட்டு. இருபத்தைந்து வருஷமாக அவளை எடுத்து வளர்த்த மாமா, அவள் முகத்தைப் பற்றி முதன்முதலாகச் சொன்ன நல்ல வார்த்தை.

அந்தக் களிம்பில் மூன்று மருந்துகள்: நிறமி உண்டாவதைத் தடுக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலைச் சீக்கிரம் உதிர்க்கும் ட்ரெடினாயின், மொமெடாசோன் என்ற ஸ்டீராய்டு. மங்கு என்னும் கரும்படைக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்கள் மட்டும் தடவ வேண்டிய கலவை. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் தோல் வெளுக்கிறது. 1962 முதல் ஒரு ஸ்டீராய்டுக் களிம்பின் வீரியத்தை ஆய்வுக்கூடத்தில் எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? தடவிய இடம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்துத்தான். மருந்தின் கடுமைக்கு வெளுப்பு அளவுகோல். எங்கள் வீட்டில் அதே வெளுப்பு அழகுக்கு அளவுகோலாக இருந்தது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து போகிறது. நிறுத்தினால் சுருங்கிக் கிடந்த குழாய்கள் விரிந்து முகம் சிவந்து எரிகிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே தடவத் தோன்றுகிறது.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. இந்தியா முழுக்கப் பன்னிரண்டு மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைக் கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டுக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தவர்கள். நூற்றுக்குச் சுமார் பதினைந்து. ஸ்டீராய்டால் பழுதான முகம் என்று இந்திய மருத்துவர்கள் அதற்குத் தனிப்பெயரே சூட்டவேண்டி வந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. அறிவிப்புக்கும் கடைக்கும் உள்ள தூரத்தைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஒரு சிவப்பழகுக் களிம்பு, 2020இல் தன் பெயரிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டுப் பளபளப்பை வைத்துக்கொண்டது. வரன் பார்க்க வருகிறவர்கள் இன்னும் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை.

எரிச்சலுக்கு அவள் செய்த வைத்தியம் கழுவுவது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, அந்த உப்புத் தண்ணீரில், சோப்புப் போட்டு. முகத்தில் அழுக்கு சேர்ந்திருக்கிறது, அதுதான் எரிகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாங்களும், "நன்னா அலம்பிக்கோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டத்துக்கும் முதல் பரிகாரம் அலம்புவது.

என் பாட்டி கச்சேரி ரோடு வரை போய்விட்டு வந்தால் குளிப்பாள். வழியில் யார்மேலாவது பட்டுவிட்டதாகச் சந்தேகம் தோன்றினால் மறுபடியும் குளிப்பாள். மார்கழியில் அவள் விரல்களெல்லாம் வெடித்துக் கிடக்கும். யாரும் அவளைத் தொட்டாற்சிணுங்கி என்று சொன்னதில்லை. மடி ஆசாரம் என்றார்கள். அவள் கழுவியது அழுக்கை அல்ல, மனிதர்களை. இது எனக்குப் புரியவே நாற்பது வயதாயிற்று. சுந்தர் சருக்கை தீண்டாமையைத் தொடுதலின் தத்துவமாக ஆராய்ந்து 2009இல் எழுதிய கட்டுரையில், தீண்டாமை தீண்டப்படாதவரிடம் இருக்கும் குணமல்ல, தொட மறுப்பவனிடம் குடியிருப்பது என்ற பொருளில் வாதிடுகிறார். அதைப் படித்தபோது பாட்டியின் வெடித்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. அடுத்தவர் பட்டதை இத்தனை நுட்பமாக உணர்ந்த தோல், அந்த அடுத்தவர் எப்படி உணர்ந்திருப்பார் என்பதை உணரவே இல்லை. சுரணை என்பது ஒரே பொருளல்ல. ஒரு திசையில் அபாரமாகவும் மறு திசையில் பூஜ்யமாகவும் அது இருக்க முடியும். பாட்டியிடம் எனக்குப் பிரியம் அதிகம். அதனால் இதை எழுத இவ்வளவு காலம் ஆனது.

அடையாறில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் முகத்தை உருப்பெருக்கியில் பார்த்துக் குழாயை வாங்கிப் படித்துவிட்டு, மருந்தை எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு சொன்னது: "இனிமே முகத்துக்கு ஒண்ணும் பண்ணாதீங்க." ராத்திரி ஒரு தடவை, மென்மையான ஏதாவது ஒன்றால் கழுவலாம், காலையில் வெறும் தண்ணீர் போதும், வெந்நீர் கூடாது, துணியால் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும், ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத ஒரு களிம்பு. சரியாக மாதங்கள் ஆகும். அவள் அழுதாள். எதையாவது செய்யச் சொல்லியிருந்தால் அழுதிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

தோலைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் அங்கேதான் மாறியது. தோலின் மேற்பரப்பு உயிரற்ற செல்களால் ஆனது. பதினைந்து இருபது அடுக்கு. ஒரு காகிதத்தைவிட மெல்லியது. செங்கல் மாதிரி அந்தச் செல்கள், சாந்து மாதிரி இடையில் கொழுப்பு. மேலே லேசான அமிலத்தன்மை. 1928இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற ஜெர்மானியர்கள் அதை அமிலப் போர்வை என்று பெயரிட்டு விவரித்தார்கள். எண்ணில் சொன்னால் ஐந்தை ஒட்டியது. சோப்போ ஒன்பது, பத்து: காரம். சோப்பு அழுக்கோடு சாந்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி முகத்திலேயே தங்குகிறது. வாளியின் ஓரத்தில் படியும் அதே வெள்ளைப் பிசுக்கு. அதை அழுக்கென்று நினைத்து மறுபடி சோப்பு. நாம் அழுக்கென்று தேய்த்துத் தள்ளுவதில் பாதி, நம்மைக் காத்துக்கொண்டிருக்கும் சுவர்.

மென்மையான ஏதாவது ஒன்று. இதை வாங்க நானும் அவளும் பனகல் பூங்கா அருகே ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஒரு அலமாரி முழுக்க மென்மை. எல்லாக் குப்பியிலும் அந்த வார்த்தை இருந்தது. கருஞ்சிவப்புத் துகள் போட்டுத் தேய்க்கிற குப்பியிலும் இருந்தது. புதுக்கவிதைத் தொகுப்புகளின் முன்னுரைகளில் 'நேர்மை' என்ற சொல் படும் பாடு ஞாபகம் வந்தது. ஒவ்வாமை தராதது என்று எழுத வேண்டுமானால் சோதித்துக் காட்டவேண்டும் என்று அமெரிக்க அரசு 1975இல் விதி செய்தது. கம்பெனிகள் வழக்குப் போட, 1977இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதன்பின் அந்தச் சொல்லுக்கு, எழுதுகிறவர் நினைத்ததே அர்த்தம்.

ஆகவே முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கவேண்டும். மருத்துவர் சொல்லியிருந்தபடி, சோப்பல்லாத கழுவுபொருளாக இருக்கவேண்டும். அமிலத்தன்மை தோலின் அளவை ஒட்டியிருக்கவேண்டும். வாசனை சேர்த்திருக்கக் கூடாது. வாசனையில்லை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, வேறொரு நெடியை மறைக்கவே வாசனை சேர்ப்பார்களாம். பட்டியல் குட்டையாக இருந்தால் நல்லது. வாங்கியதும் முகத்தில் போடாமல் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு வாரம் காலையும் மாலையும் தடவிப் பார்க்கவேண்டும். டெக்சாஸில் ஒரு மருந்துக்கடைக்காரர் 1947இல் தயாரித்த ஒரு வெள்ளைத் திரவம்தான் இந்த வகையில் பிரசித்தம். அதன் பழைய கலவையில், எல்லோரும் கடுமையானதென்று பயப்படும் சோடியம் லாரில் சல்பேட்டும் கொஞ்சம் இருந்தது. கொழுப்பு ஆல்கஹால்களின் நடுவே அளவாக இருந்ததால் அது பலருக்கும் ஒத்துக்கொண்டது. ஒரு பெயரைப் பார்த்து முழுவதையும் நிராகரிப்பதும் ஒருவகை மடிதான்.

பாட்டி காலத்துப் பொடிதான் மென்மை, ரசாயனம்தான் கெடுதல் என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். பயத்தமாவு பலருக்கும் சாதுவானதுதான். ஆனால் குளியல் பொடிகளில் கார்போக அரிசியும் சேர்ப்பதுண்டு. அதில் உள்ள சோரலென், வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கறுக்க வைக்கும். வெண்படைக்கு அதை மருந்தாகப் பயன்படுத்துவதே அந்தக் குணத்தால்தான். தோலுக்குப் பாரம்பரியமும் தெரியாது, நவீனமும் தெரியாது.

ஃப்ராஷ், க்ளிக்மன் என்றேனே, அந்த க்ளிக்மனைப் பற்றிப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆல்பர்ட் க்ளிக்மன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகள்மேல், பெரும்பாலும் கறுப்பின மனிதர்கள்மேல், களிம்பும் திரவமும் இன்னும் பயங்கரமானவையும் தடவிப் பார்த்தவர். உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் மனிதர்கள் படவில்லை, தோல் பட்டது. ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் இதைப் புத்தகமாக எழுதினார். பல்கலைக்கழகம் 2021இலும் நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. குத்தல் பரிசோதனை சிறையில் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குமுன் சிறையின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் என் அக்கா பெண் தடவிய முக்கூட்டுக் களிம்பின் மூலக்கலவை 1975இல் அவரும் ஒரு சகாவும் வெளியிட்டது. அவள் தோலைக் கெடுத்த மருந்தின் வம்சமும், கெட்ட தோலின் வார்த்தையை நம்பவேண்டும் என்று சொல்லும் பரிசோதனையும் ஒரே மனிதனின் மூளையிலிருந்து வந்தவை. இதை என்ன செய்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. எரிகிறதா என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொள்பவன், கேட்கப்படுகிறவனை மனிதனாக நினைத்துத்தான் கேட்கிறான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கேட்பது தேவை; ஆனால் போதாது. மென்மைக்குப் பின்னால் முயல்களும் உண்டு: 1944 முதல் அவற்றின் கண்ணில் விட்டுப் பார்த்தார்கள். இந்தியாவில் அழகுப்பொருள்களுக்கு மிருகங்கள்மேல் சோதனை 2014இல் தடைசெய்யப்பட்டது.

அக்காவிடம் தொலைபேசியில் எல்லாம் சொன்னபோது, "கொஞ்சம் பொறுத்துக்கத்தான் வேணும், பொண்ணாப் பொறந்தாச்சு" என்றாள். பொறுமையைப் பற்றி நம்மிடம் நீதி நூல்கள் நிறைய. பொறுமைக்கு எதிரான சாட்சி வேலூரில் இருக்கிறது. 1946இல் அங்கே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் சிதைகின்றன என்று கண்டார். சுடும் பாத்திரத்தை இறக்கும்போது கை விலகுவதில்லை. செருப்பில் ஆணி குத்தியது தெரியாமல் நாள் முழுக்க நடக்கிறார்கள். முழுமையான பொறுமை அது. பின்னால் அமெரிக்காவில் அவர் செயற்கையாக ஒரு வலிக் கருவி செய்ய முயன்றார்: ஆபத்து என்றால் ஒலிக்கும், பிறகு மின் அதிர்ச்சி தரும். தோற்றுப்போனது. நோயாளிகள் வேலை கெடுகிறதென்று அதை அணைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். அணைக்க முடிகிற வலியால் உபயோகமில்லை.

தொல்காப்பியம் உயிர்களை அறிவால் அடுக்கும்போது முதலில் வைப்பது தொடு உணர்வை. புல்லுக்கும் மரத்துக்கும் அந்த ஒன்று உண்டு. மனம் கடைசியில் ஆறாவதாக வருகிறது. தமிழில் உடம்புக்கும் உண்மைக்கும் மெய் என்று ஒரே சொல் இருப்பதைப் பலரும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள்; நான் அதில் பெரிதாக எதையும் காணப்போவதில்லை. ஆனால் அன்று மாலை அவள் மெய் ஒன்று சொன்னது. என் ஆறாவது அறிவு பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

அவள் முகம் ஆற ஒன்பது மாதம் ஆயிற்று. பழைய நிறம் திரும்பிவிட்டது. வந்துகொண்டிருந்த ஒரு வரன் அதோடு போய்விட்டது. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். சென்ற முறை வந்தபோது, "எரியறதாடி இன்னும்?" என்றேன். "எப்பவாவது, மாமா. காத்தடிச்சா" என்றாள். பார்த்தேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அவள் விட்டுப்போன குப்பியில் பாதி மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று நான் அதில்தான் தினமும் முகம் கழுவுகிறேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.